கீறல் விழாத ரிங்

பாகூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தர்ஷினிக்கு,

அண்ணி சாரதா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். சட்னி தண்ணீராக இருக்கிறது என்று காலையில் சண்டை போடுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறார். அபிதா பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறாள், இல்லை, படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

நாலு வருஷமாக நீயும் இந்த வீடும் பேசிக்கொள்ளவில்லை. நிச்சயம் பண்ணின இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ கோட்டயத்துக்கு வேலைக்குக் கிளம்பின அன்றைக்கு உன் அண்ணன் பேசின பேச்சுக்கு, நான் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சமையலறையில் நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரம்தான். இப்போது தனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும் என்றதும் எழுதுகிறாள் பார் என்று நீ நினைத்தால் அது நியாயம்தான்.

போனில் பேசலாமென்றால் இங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் வீட்டுக்கும் ஒரே போன், அது கல்லாவில் உன் அண்ணன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். அதோடு உனக்கு ஒரு பொருளும் அனுப்ப வேண்டியிருக்கிறது. கவருக்குள் பிளாஸ்டிக் பையில் ஒரு ரப்பர்த் துண்டு இருக்கும் பார். அது ஒரு ஓ-ரிங்கில் பாதி.

மூர்த்திக்குப்பத்து வீரப்பனை உனக்குத் தெரியாது. அவரும் தம்பி குணாவும் ஒரே பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். டிசம்பர் புயலில் அவர்கள் டீசல் எஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டது. பிரித்துப் பூட்டுவதற்கு டீசல் பில்டர் கிண்ணம் கசியாமலிருக்க ஒரு ரிங் வேண்டுமென்று குணா நம் கடைக்கு வந்தான். உன் அண்ணன் சரக்கெடுக்க வில்லியனூர் போயிருந்தார், நான்தான் கொடுத்தேன். அதற்கப்புறம் மூன்றாவது தடவை கடலுக்குப் போனபோது அந்த ரிங் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்து, டீசல் பீய்ச்சி, சூடேறிக் கிடந்த சைலன்சரில் பட்டுப் பற்றிக்கொண்டது. ஈரச் சாக்கை வைத்து வீரப்பன் இரண்டு கையாலும் அணைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள். இப்போது வலது கை விரல்கள் மடங்கவில்லை.

குணா ரிங்கைச் சரியாகப் பூட்டவில்லை என்பதுதான் ஊர்ப் பேச்சு. வீரப்பன் பெண்சாதி காசம்மாள், "இனிமே இந்த வூட்டு வாசல மிதிக்காத" என்று சொல்லிவிட்டாள். அவன் கர்நாடகத்தில் மால்பே பக்கம் யாரோ படகில் கூலிக்குப் போய்விட்டான். கடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் சரக்கு நல்ல சரக்கு என்று உன் அண்ணனும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு மட்டும் ஒன்று தெரியும். போன ஆயுதபூஜைக்குக் கடையைக் கழுவும்போது, ஓ-ரிங் எல்லாம் சின்னச் சின்னப் பாக்கெட்டாகக் கொட்டிக் கிடந்தது. பாக்கெட்டின் மேல் ஏதேதோ இங்கிலீஷ் எழுத்து. பார்த்தால் குப்பை. நான் அத்தனையையும் பிரித்து, அளவு பார்த்து, ஒரே அளவு ரிங்குகளை ஒரே கம்பியில் கோத்து, வளைத்துக் கட்டி, சரம் சரமாகக் கடை வாசலில் தொங்கவிட்டேன். சரத்துக்குச் சந்தனம் குங்குமம்கூட வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் "இன்னாக்கா, நகைக்கடை மாதிரி கீது" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குணா வந்த அன்றைக்கு அந்தச் சரத்திலிருந்து முதலில் ஒன்றை உருவினேன். வளைத்துப் பார்த்தால் மேலே மயிரிழை போலக் கீறல். "கடலுக்குப் போற எஞ்சினுக்கு இது வேணாம்டா" என்று தள்ளிவிட்டு, தேடிப் பார்த்து, கீறல் விழாமல் புதுசு போலிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "இன்னாக்கா, ஒரு ரிங்குக்குப் போயி இவ்ளோ பாக்குறீங்க" என்று அவன் சிரித்தான்.

வீரப்பனைப் பார்க்கப் போனபோது அந்த ரிங்கை ஒரு டப்பாவில் வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கி வந்தேன். பாதியை வெட்டி அனுப்புகிறேன். முழுசாகக் கையைவிட்டு அனுப்ப மனசு வரவில்லை. நீ ரப்பரைச் சோதிக்கிற இடத்தில் வேலை செய்கிறாய். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். குணா பூட்டினது தப்பா, நான் கொடுத்தது தப்பா?

பதிலைத் தபாலாபீஸ் தேவியின் பெயர் போட்டு அனுப்பு. அவள் என்னிடம் தனியாகக் கொடுத்துவிடுவாள்.

உன் அண்ணி,
சாரதா


கோட்டயம்
18 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கவர் மூன்று நாள் என் மேசையில் பிரிக்காமல் கிடந்தது. திட்டியிருப்பீர்களோ, அல்லது யாருக்காவது கல்யாணமோ என்று நினைத்தேன். ரப்பர்த் துண்டு வரும் என்று நினைக்கவில்லை.

அன்றைக்குப் பாத்திரம் தேய்த்த சத்தம் எனக்கும் கேட்டது. சில நாள் அதை நினைத்தால் கோபம் வரும். சில நாள், அந்த வீட்டில் ஒருத்திக்காவது கை சும்மா இருக்கவில்லையே என்று தோன்றும். இன்றைக்கு இரண்டாவது வகை நாள், அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று செய்யுங்கள். அந்தச் சரங்களை இப்போதே இறக்கி வையுங்கள். அதிலிருந்து யாருக்கும் ஒரு ரிங்கூட கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

துண்டைச் சோதனைக்கு வைத்திருக்கிறேன். முறைப்படி வரிசையில்தான் போகும், இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் அது என்ன பொருள் என்று நீங்கள் தெரிந்துகொள்ளலாம். கோட்டயம் வருவதற்கு முன்னால் இருந்ததையும் சேர்த்துப் பதினொரு வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன், எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

ரப்பரின் ஒவ்வொரு மூலக்கூறும் ஆயிரக்கணக்கான கண்ணிகள் கொண்ட நீளச் சங்கிலி. அந்தச் சங்கிலிகள் இடியாப்பம் போல ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு கிடக்கின்றன. சும்மா கிடப்பதுமில்லை. நீங்கள் இதைப் படிக்கிற இந்த நேரத்திலும் உங்கள் கடையிலுள்ள ஒவ்வொரு ரிங்குக்குள்ளும் அவை ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கின்றன. இழுத்தால் நேராகும், விட்டால் சுருளும். வழுக்கிக்கொண்டு ஓடிவிடாமலிருக்க, கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அங்கங்கே முடிச்சுப் போடுகிறோம். முடிச்சு ரொம்பக் குறைந்தால் பபிள்கம் மாதிரி இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். ரொம்பக் கூடினால் பழைய பேட்டரிப் பெட்டி மாதிரி இறுகிப்போய், வளைத்தால் உடையும். சில நூறு கண்ணிகளுக்கு ஒரு முடிச்சு என்று அளவாக விழுந்தால்தான் இழுத்துவிட்டதும் திரும்பி வருகிற குணம் வரும்.

ஒரு ரப்பர் பேண்டை மேலுதட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு சட்டென்று இழுத்துப் பாருங்கள். பிறகு கொஞ்ச நேரம் பிடித்திருந்து, தளர்த்திப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று நான் சொல்லமாட்டேன். இன்னொன்று. ரப்பர் பேண்டில் ஒரு தராசுப் படிக்கல்லைத் தொங்கவிட்டு, அது நன்றாக நீண்டபின் வெந்நீரை மேலே ஊற்றுங்கள். கல் கீழே போகிறதா மேலே வருகிறதா என்று எழுதுங்கள்.

கறுப்பு நிறம் ரப்பருடையது இல்லை. அது புகைக்கரி. பெரும்பாலான செயற்கை ரப்பர்களை வெறுமனே இழுத்தால் சுலபமாகக் கிழிந்துவிடும். கரித்தூளைக் கலந்து பிசைந்தால் பலம் பத்து மடங்கு ஆகிறது. ஒரு பொடிக்கு எப்படி இந்தச் சக்தி என்பதைப் பற்றி இன்றைக்கும் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கரிதான் எல்லா ரிங்கையும் கண்ணுக்கு ஒன்றாக்கி வைத்திருக்கிறது. நீங்கள் ஏமாந்ததில் ஆச்சரியமில்லை, நானும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

உங்கள் சரத்தில் இரண்டு இனம் இருக்கவேண்டும். ஒன்று நைட்ரைல், டீசலுக்கானது. அதன் சங்கிலியில் நெடுக அக்ரிலோநைட்ரைல் என்று ஒரு கண்ணி வருகிறது, அதற்கும் டீசலுக்கும் ஒத்துக்காது, அதனால் டீசல் உள்ளே நுழைய முடியாது. மற்றது இ.பி.டி.எம்., தண்ணீர் பம்புக்கானது. அதன் சங்கிலியும் டீசலும் ஏறக்குறைய ஒரே வகைப் பொருள், ஆகவே டீசலை உள்ளே விட்டுப் பருத்துவிடும். இரண்டு பாட்டிலில் டீசல் ஊற்றி ரிங்குகளைப் போட்டு வையுங்கள், எது எந்த இனம் என்று இரண்டு நாளில் தானாகவே தெரிந்துவிடும்.

ஆனால் நைட்ரைலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு என்கிற இடங்கள் இருக்கின்றன. வெயிலிலும் காற்றிலும் இழுபட்டு நின்றால், காற்றிலிருக்கும் ஓசோன் அந்த இடங்களைப் பார்த்து வெட்டும். இ.பி.டி.எம். சங்கிலியின் முதுகில் அப்படி வெட்டுவதற்கு இடமே இல்லை, அது வருஷக்கணக்கில் வெயிலில் தொங்கினாலும் அப்படியே இருக்கும்.

அபிதாவுக்கு என் அன்பு. அத்தை என்று ஒருத்தி இருப்பது அவளுக்கு ஞாபகமிருந்தால்.

பிரியதர்ஷினி


பாகூர்
27 பிப்ரவரி 2025

அன்புள்ள தர்ஷினிக்கு,

உன் லெட்டரை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் புரியவில்லை, இரண்டாம் தரம் பயமாக இருந்தது, மூன்றாம் தரம் ரப்பர் பேண்டைத் தேடி எழுந்துவிட்டேன்.

இழுத்ததும் உதடு சுட்டது. நிஜமாகவே வெதுவெதுவென்று. தளர்த்தினதும் சில்லென்று ஆகிவிட்டது. அபிதாவைக் கூப்பிட்டு அவள் உதட்டிலும் வைத்தேன். "அம்மா, இதுக்கு யாரும்மா சூடு வெச்சது" என்று கேட்டாள். அம்மாவும் பொண்ணும் வாயில் ரப்பர் பேண்டை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து உன் அண்ணன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். இத்தனை வருஷம் கொத்துமல்லிக் கட்டிலிருந்து உருவி ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்த ரப்பர் பேண்ட், அதற்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது.

படிக்கல்லும் பார்த்தேன். சூடு பட்டால் எல்லாம் நீளும், தளரும், அதுதான் எனக்குத் தெரியும். நீ கேட்ட விதத்திலேயே ஏதோ சூது இருக்கிறது என்று புரிந்தது, ஆனாலும் என் கண் முன்னால் அந்தக் கல் மெல்ல மேலே ஏறினபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. விரற்கடைகூட இருக்காது, ஆனால் ஏறியது. உயிர் இருக்கிற மாதிரி ஏறியது. நான் கையெடுத்துக் கும்பிடப் போய், சிரிப்பு வந்து, விட்டுவிட்டேன். நீ இதைத் தினமும் பார்க்கிறாயா? இதை விட்டுவிட்டு அந்தத் திண்டிவனத்து மாப்பிள்ளைக்குத் தோசை சுடப் போயிருக்க வேண்டுமென்றா நாங்கள் சண்டை போட்டோம்?

சரங்களை அன்றைக்கே இறக்கிவிட்டேன். கேட்டவர்களுக்குப் புதுச் சரக்கு வருகிறது என்று சொல்கிறேன். உன் அண்ணனிடம் பூச்சி அரித்திருக்கிறது என்று சொன்னேன். ரப்பரைப் பூச்சி அரிக்குமா என்று அவர் கேட்கவில்லை, என் அதிர்ஷ்டம்.

ஹார்லிக்ஸ் பாட்டில்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து ரிங்காகப் போட்டு, சமையலறைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். முதல் நாள் காலையில் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாள் சிலது பருத்துவிட்டது. மூன்றாம் நாள் அவற்றை வெளியே எடுத்தால் கொழகொழவென்று, பழைய வட்டத்துக்குள் அடங்காமல் நெளிந்துகொண்டு வருகிறது. பக்கத்திலேயே இன்னொன்று போட்ட மாதிரியே கிடக்கிறது. கடையில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். என் விரல் நுனிக்கு எல்லா அளவும் தெரியும் என்று சொல்லிக்கொள்வேன். அளவு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

இதற்குக் கீழே எழுதுவதை எழுதாமலே விட்டுவிடலாமென்று நினைத்தேன். முடியவில்லை.

நீ கடைசியில் ஓசோனைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் இறக்கி வைத்த சரத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கம்பி வளைகிற இடத்திலிருந்த ரிங்குகளில் பாதிக்குக் கீறல். பாதிக்கு ஒன்றுமில்லை. கீறல் விழுந்ததைத் தனியாக, விழாததைத் தனியாக டீசலில் போட்டேன். கீறல் விழுந்தது ஒன்றுகூட பருக்கவில்லை. விழாததுதான் பருத்தது.

புரிகிறதா? டீசலுக்கு ஏற்ற ரிங்கைக் கையில் எடுத்து, கீறல் என்று தள்ளிவிட்டேன். நல்லதாகத் தேடித் தேடி, ஆகாததை எடுத்துக் கொடுத்தேன். அலட்சியமாக எடுத்து நீட்டியிருந்தால்கூட பாதிக்குப் பாதி அவன் தப்பித்திருப்பான்.

ஆனாலும் அவனிடம் கொடுத்த அந்த ஒன்று எது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. சரத்தில் எல்லாவற்றையும் நான் பார்க்கவில்லையே, கீறல் விழாத நைட்ரைலும் ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். உன் ரிசல்ட் வரட்டும். நீ சொல்வதைத்தான் நான் நம்புவேன். வீரப்பன் சோற்றைக் காசம்மாள் பிசைந்து ஊட்டுகிறாளாம். குணாவிடமிருந்து ஒரு போனும் இல்லையாம்.

அண்ணி


கோட்டயம்
8 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய துண்டு நைட்ரைல். டீசலுக்கானதுதான். நீங்கள் கொடுத்தது சரியான ரிங்.

அது ஏன் பிதுங்கியது என்றால், எஞ்சின் சூட்டில் நைட்ரைல் சங்கிலிகளுக்கிடையே மேலும் மேலும் முடிச்சு விழுந்துகொண்டே போகும். அப்படி இறுகிப்போன ரிங் அழுத்தின அழுத்தத்துக்குத் திரும்பி வராது, இடைவெளி விடும். நைட்ரைலிலேயே அக்ரிலோநைட்ரைல் கூடக் குறைய இருக்கும். கூடினால் டீசலைத் தாங்கும், குளிரில் விறைக்கும், குறைந்தால் நேர்மாறு. இதெல்லாம் தயாரிப்பாளர் பார்க்கவேண்டியது. கடைக்காரர் கையில் ஒன்றுமில்லை, பூட்டினவர் கையிலும் ஒன்றுமில்லை. யார் மேலும் குற்றமில்லாமல் நடந்த விபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்து வைத்த ரிங்குகளில் பருத்ததைத் தண்ணீர் பம்புக்கும் விற்கவேண்டாம், குப்பையில் போடுங்கள். இனிமேல் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள், எந்த ரப்பர் என்று அதன் மேல்தான் எழுதியிருக்கும். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு நிம்மதியாக இருங்கள் அண்ணி. படிக்கல் மேலே ஏறினதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை என்னோடு வேலை செய்கிற அனுப்பிரியாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் இரண்டாம் தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பிரியதர்ஷினி


பாகூர்
16 மார்ச் 2025

அன்புள்ள தர்ஷினிக்கு,

உன் லெட்டர் செவ்வாய்க்கிழமை வந்தது. தபாலாபீஸ் வாசலிலேயே நின்று படித்துவிட்டு, அங்கேயே அந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன். தேவி பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன், எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவும்போது ஒன்று உறுத்தியது. இறுகிப்போன ரிங் என்று எழுதியிருந்தாய். என்னிடம் மீதிப் பாதி இருக்கிறதே, அதை எடுத்து அழுத்திப் பார்த்தேன். இறுகல் எங்கே, அது புது ரிங்கைவிட மெத்தென்று இருந்தது. சரி, என் விரலுக்கு என்ன தெரியும் என்று அதை ஒரு பாட்டிலில் டீசல் ஊற்றிப் போட்டேன். பக்கத்தில் இன்னொரு பாட்டிலில், கீறல் விழுந்த ரிங் ஒன்றைப் பாதியாக வெட்டிப் போட்டேன்.

இன்றைக்கு நாலாவது நாள். ஒன்று போட்ட மாதிரியே இருக்கிறது. வீரப்பன் வீட்டு ரிங் ஒன்றரை மடங்காகப் பருத்துக் கிடக்கிறது.

உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவ்வளவு பெரிய இயந்திரம் வைத்திருக்கிற உனக்குத் தெரியாதது என் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கா தெரிந்திருக்கும்? எனக்காகத்தான் மாற்றி எழுதினாய். எனக்கு அது புரிகிறது, உன் மேல் துளி கோபமில்லை. நாலு வருஷம் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்காதவள் எனக்காக இப்படிச் செய்திருக்கிறாய்.

ஆனால் குணாவுக்காக யார் மாற்றி எழுதுவது? அவன் செய்யாத தப்புக்கு ஊரைவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறான். நீ எழுதினதை நான் நம்பியிருந்தால்கூட, யார் மேலும் குற்றமில்லை என்பதை மூர்த்திக்குப்பத்தில் போய் யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை. நான் பாயசம் வைத்தேனே தவிர அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, பார்.

உள்ளதை உள்ளபடி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. என் வாயால் சொன்னால், நல்ல மனசுக்குச் சொல்கிறாள் என்று ஒதுக்கிவிடுவார்கள். தாளில் வேண்டும்.

உன் அண்ணி,
சாரதா


கோட்டயம்
22 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம், தமிழிலும் எழுதியிருக்கிறேன். அது இ.பி.டி.எம்.

அந்தத் துண்டில் ஒரு நகக்கண் அளவு வெட்டி, காற்றில்லாத குழாயில் சூடாக்கினோம். சங்கிலிகள் அறுந்து ஆவியாகும். அந்த ஆவி படிந்ததன் வழியாக அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால், ஒவ்வொரு வகைப் பிணைப்பும் தனக்குரிய இடத்தில் ஒளியை விழுங்கிக்கொள்ளும். திரையில் அது பள்ளமாகத் தெரியும். நைட்ரைலாக இருந்தால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கூர்மையான பள்ளம் வந்தே தீரும். கண்ணால் யாரும் பார்க்கமுடியாத ஒரு சங்கிலி, சூட்டில் சிதைந்தபிறகும் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறது. எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், அந்தக் கோடு திரையில் வரும்போது இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அன்றைக்கு அந்த இடம் வருகிறவரை, பள்ளம் விழவேண்டும் விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கோடு நேராகப் போனது.

அலுவலகப் பதிவில் நான் எதையும் மாற்றவில்லை. உங்களுக்கு எழுதின தாளில் மட்டும்தான் மாற்றினேன். அது சின்ன வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. உங்களுக்குத் தெரியாது என்று நினைத்ததுதான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. டீசல் சோதனையைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான், மீதிப் பாதி உங்களிடம் இருப்பது தெரிந்ததும் எனக்குத்தான். நீங்கள் செய்துபார்க்க மாட்டீர்கள் என்று எப்படி நினைத்தேனோ.

நான் கிளம்பின அன்றைக்கு வாசலுக்கு யாரும் வரவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டைப் பற்றி நான் நினைக்கும்போதெல்லாம் எனக்கு வந்தது கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். உங்கள் முதல் கடிதத்தில், எடுத்துக் கொடுத்த ரிங்கைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த இடத்தைப் படித்தபோது, ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அதுதான் பொய்யாக வந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் போய்ச் சொல்லப்போகிறீர்கள் என்று தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அண்ணனிடம் முதலில் சொல்லுங்கள்.

உங்கள்
தர்ஷினி


பாகூர்
7 ஏப்ரல் 2025

என் தர்ஷினிக்கு,

சொல்லிவிட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை.

சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் உன் அண்ணன் முன்னால் அறிக்கையை வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கு எழுதினது உட்பட. அவர் முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டாம் பக்கத்தைப் படித்தார், கீழே உன் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "சொல்ல வேணாம். யாரும் கேக்கலியே. கடை பேரு போயிடும்" என்றார். இந்தத் தடவை பாத்திரம் தேய்க்கவும் போகவில்லை, அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் நான் பாட்டில்களைப் பையில் எடுத்துவைத்துப் பஸ்ஸுக்குக் கிளம்பினபோது, அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வாசலில் நின்றார். "ஏறு" என்றார்.

வீரப்பன் வீட்டில் இரண்டு பாட்டிலையும் தரையில் வைத்தேன். இரண்டும் நம் கடை ரிங், ஒரே அளவு, ஒரே சரம், இது நான் உங்கள் தம்பிக்குக் கொடுத்தது, இது அவனுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது என்றேன். காசம்மாள் பருத்துப்போன துண்டை விரலால் வெளியே எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைக் கேட்ட கேள்விகளை உனக்கு எழுதமாட்டேன். நியாயமான கேள்விகள்தான். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொள்ளத்தானே போயிருந்தோம்.

வீரப்பன் மட்டும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் ஒரே மாதிரி தானே கீது. எப்டி இது மட்டும்?" என்று கேட்டார். நீ எழுதினதை எனக்குத் தெரிந்தவரைக்கும் சொன்னேன், சங்கிலியையும் முடிச்சையும். முழுசாகக் கேட்டார். கடலுக்கு முப்பது வருஷம் போனவர், சின்னப் பொருளில்கூட மனுஷன் உயிர் தொங்கும் என்பது அவருக்குப் புதுசில்லை போலிருக்கிறது. அப்புறம் சொன்னார். "உங்க மேல எனக்குக் கோவம் கீது. சொன்னதுக்காகப் போயிடாது. ஆனா சொன்னீங்க."

கையால் போனைப் பிடிக்க அவருக்கு வரவில்லை. காசம்மாள்தான் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். குணா எடுத்தான். பின்னால் மீன் ஏலம் போடுகிற கூச்சல். வீரப்பன் "தப்பு உன்னுது இல்லடா. ரிங்குடா" என்றார். அப்புறம் அவன் கேட்டான், "அண்ணே, கை மடங்குதா?"

யார் சொன்னது, எந்த ரிங், யார் கொடுத்தது, ஒன்றுமே கேட்கவில்லை தர்ஷினி. மூன்று மாசமாக அவன் கேட்காமல் வைத்திருந்தது அது ஒன்றுதான். வீரப்பன் அழுதுவிட்டார். காசம்மாள் போனைத் தன் வாய்க்குத் திருப்பி, "வூட்டுக்கு வாடா" என்றாள்.

வியாழக்கிழமை வருகிறான். அவன் முகத்தில் நான் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை, விழித்துத்தான் ஆகவேண்டும். குப்பத்திலிருந்து கொஞ்ச நாளைக்கு நம் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். உன் அண்ணன் ரிங் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பாக்கெட்டோடு புதுசாக வாங்கி, மேலே இருக்கிற எழுத்தை அபிதாவைப் படிக்கச் சொல்லி அடுக்கிக்கொண்டிருக்கிறார். என்னைத் தொடவிடவில்லை.

திரும்பி வந்ததும் உன் அண்ணன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே, அந்தப் பையன் போனில் கேட்டதைத் தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் உன் அறிக்கையை மறுபடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் இந்த லெட்டரை எழுதி முடித்து மடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மேலே விலாசம் எழுதியிருப்பது உன் அண்ணன்தான். நீ பிரிப்பதற்கு முன்னாலேயே பார்த்திருப்பாய்.

அண்ணி